சைக்கிள் டூருக்கு பழசா, புதுசா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: சென்னை டூ கன்னியாகுமரி. ஹைட்ராலிக் பிரேக்கா, கேபிளா?

ஹைட்ராலிக், அதாவது ஆயில் அழுத்தத்துல வேலை செய்யுற பிரேக், அருமையா பிடிக்கும், ரெண்டு விரல் போதும். ஆனா நடுவழியில ஆயில் கசிஞ்சா சின்ன ஊர்ல யார்கிட்ட போவீங்க, அதுலயும் ஷிமானோ கம்பெனி பிரேக்குக்கு மினரல் ஆயில், வேற சில கம்பெனி பிரேக்குக்கு டாட் ஃப்ளூயிட்ங்கிற வேற வகை பிரேக் ஆயில், மாத்தி ஊத்திட்டா உள்ள இருக்கிற ரப்பர் சீல் எல்லாம் கெட்டுப்போயிடும். கேபிள் அறுந்தா பையில ஒரு ஸ்பேர் கேபிளும் ஆலன் கீயும் இருந்தா ரோட்டோரமே மாட்டிட்டு கிளம்பலாம். உங்க ரூட் முக்கால்வாசி சமவெளி, கேபிள்ல இழுக்குற டிஸ்க் பிரேக்கே எடுங்க. இதே லக்கேஜோட கொல்லிமலை 70 வளைவும் இறங்கணும்னா ஹைட்ராலிக்தான் சொல்வேன், கை வலிக்காது.

கே: என்னோடது 700சி, அதாவது 28 இன்ச். டயர் எந்த ஊர்லயும் கிடைக்கும்தானே?

இதுல நிறைய பேர் ஏமாந்துடுறாங்க, தயவுசெஞ்சு கவனிங்க. டயர் பக்கவாட்டுல 37-622ன்னு மாதிரி ஒரு நம்பர் அச்சடிச்சிருக்கும், அந்த 622தான் உங்க ரிம் சைஸ். பால்காரர் ஓட்டுற பழைய பெரிய சைக்கிளும் 28தான், ஆனா அது 635, அந்த டயர் உங்க ரிம்ல லூசா நிக்கும், உக்காரவே உக்காராது. சரி ட்யூபாவது போடலாம்னா அதோட வால்வு தடிமனா இருக்கும், உங்க ரிம் ஓட்டை ப்ரெஸ்டாங்கிற மெல்லிசான வால்வுக்கு போட்ட சின்ன ஓட்டையா இருந்தா நுழையாது. அதனால ரெண்டு ட்யூப், மடிக்கிற டயர் ஒண்ணு கட்டாயம் எடுத்துக்கோங்க. இன்னும் சைக்கிளே வாங்கலைன்னா 26 இன்ச் எம்டிபி (மவுண்டன் பைக்) பாருங்க, அந்த டயர் நிறைய கடையில தொங்கும்.

கே: ட்யூப்லெஸ் நம்பலாமா?

நம்பலாம். கருவேல முள்ளு குத்துற ரோட்டுக்கு அதை விட நல்லது கிடையாது, சின்ன ஓட்டையை டயருக்குள்ள ஊத்துற சீலன்ட் திரவமே அடைச்சிடும். நம்ம வெயிலுக்கு சீலன்ட் சீக்கிரம் காஞ்சிடும், கிளம்புறதுக்கு முன்னாடி திறந்து பாத்து ஊத்திடுங்க. அப்பவும் ஒரு ட்யூப் பையில இருக்கட்டும்.

கே: கேரியர் அலுமினியமா, ஸ்டீலா?

ஸ்டீல். முறிஞ்சா எந்த வெல்டிங் பட்டறையிலயும் ஒட்ட வச்சிடலாம். போல்ட்டை மட்டும் தினமும் காலைல ஒரு தடவை டைட் பண்ணிடுங்க.

கே: லெதர் சீட் வாங்கிட்டேன், எல்லாரும் புகழ்றாங்க. அடுத்த வாரம் டூர்.

இந்த டூருக்கு வேணாங்க. நூறு வருஷமா ஓடுற டிசைனா இருந்தாலும் உங்களுக்கு அது புதுசு, தோல் உங்க உடம்புக்குப் பழகவே பல நூறு கிலோமீட்டர் ஓட்டணும். இப்ப ஓட்டுற சீட்லயே போங்க, திரும்பி வந்து தினசரி ஓட்டத்துல அதைப் பழக்குங்க, மழைக்கு ஒரு கவரும் வாங்கி வச்சிடுங்க.