வாசகர் கேள்வி – தோட்டக்கலை நிபுணர் பதில்

கேள்வி: கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் வசிக்கும் என் மகள், கார்பென்டேரியா என்னும் வெண்பூச் செடியின் படத்தை அனுப்பியிருந்தாள். அது மிக அரிய செடி என்கிறாள். அதன் விதையை வரவழைத்து, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தாழ்வாரத்தில் தொட்டியில் வளர்க்க முடியுமா?
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: ஆசை நியாயமானதுதான், ஆனால் இங்கே அந்தச் செடி பிழைப்பது அரிது. கார்பென்டேரியா கலிஃபோர்னிகா, தன் பேரினத்தில் வேறு உறவே இல்லாத ஒற்றைச் செடி. உலகிலேயே ஃபிரெஸ்னோ, மடேரா ஆகிய இரு மாவட்டங்களில், சியர்ரா நெவாடா மலையடிவாரத்து ஓக் மரக்காடுகளிலும் வறண்ட புதர்க்காடுகளிலும் மட்டுமே அது இயற்கையாக வளர்கிறது. ஐந்து முதல் ஏழு இதழ்கள் கொண்ட தூய வெள்ளைப் பூவின் நடுவே மஞ்சள் மகரந்தத் தாள்கள் அடர்ந்திருக்கும். இலையின் மேற்புறம் பளபளக்கும் கரும்பச்சை. திருப்பிப் பார்த்தால் நுண்மயிர் படர்ந்து வெளுத்திருக்கும்.

காட்டுத்தீ மேற்பகுதியை எரித்துவிட்டாலும், அடித்தூரிலிருந்து புதுத் தளிர்கள் கிளம்பிவிடும். விதையிலிருந்து புதிய கன்று நிலைபெறுவதோ அபூர்வம்; சருகு மூடாத, ஈரமான வெற்றுமண் அதற்கு வேண்டும், அப்படிப்பட்ட இடம் பெரும்பாலும் தீக்குப் பிறகுதான் கிடைக்கிறது. வளரும் நிலப்பரப்பே சிறிது, அதிலும் சாலைகளும் வீடுகளும் பெருகியதால், அம்மாநில அரசு அதை அச்சுறுத்தலுக்குள்ளான இனமாகப் பட்டியலிட்டுள்ளது. வேடிக்கை என்னவென்றால், காட்டில் இவ்வளவு அரிதான இச்செடி இங்கிலாந்துத் தோட்டங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே பூத்துவருகிறது.

குளிர்காலத்தில் மழையும், கோடை முழுவதும் வறட்சியும் என்ற பருவச்சுழற்சிக்குப் பழகிய வேர் அதனுடையது. ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் சிங்கப்பூரில், இரவிலும் தணியாத வெப்பமும் ஓயாத ஈரமும் சேர்ந்து அந்த வேரை அழுகச் செய்துவிடும். அதோடு, வெளிநாட்டு விதையையோ கன்றையோ கொண்டுவருவதற்கு முன் தேசியப் பூங்காக் கழகத்தின் இறக்குமதி விதிகளைப் பார்த்தாக வேண்டும். கலிஃபோர்னியத் தாவரங்களை நேரில் காண விரும்பினால், கரையோரப் பூந்தோட்டத்தின் ஃபிளவர் டோம் என்னும் குளிரூட்டப்பட்ட கண்ணாடிக் கூடத்தில் அவற்றுக்கென்றே தனிப் பகுதி உண்டு.

வீட்டில் வெண்பூ வேண்டும் என்றால், ஒற்றையடுக்கு நந்தியாவட்டையே என் பரிந்துரை. காலை வெயில் படும் இடத்தில், நீர் தேங்காத தொட்டியில் வையுங்கள். பொதுத் தாழ்வாரமாக இருந்தால், நடந்து செல்ல 1.2 மீட்டர் இடைவெளி விட்டாக வேண்டும்.