3600 ராம் வாங்கினேன், 2133 என்று காட்டுகிறதே?

கேள்வி: "சார், சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து நானே ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தேன். ரைசன் 5 5600எக்ஸ் பிராசசர், பி550 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ராம் இரண்டு, ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு. ராம் பெட்டியில் 3600, சிஎல்18 என்று போட்டிருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் 2133தான் வருகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? என் நண்பன் இதே பிராசசரை 4.7 கிகாஹெர்ட்ஸில் நிலையாக வைத்து ஓட்டுகிறான். நானும் வைக்கலாமா? கூடவே வந்த கூலர் தாங்குமா? இன்னும் இரண்டு 8 ஜிபி வாங்கிச் சொருகலாம் என்றும் ஒரு யோசனை." (சேலத்திலிருந்து ஒரு வாசகர்)

கடைக்காரர் மேல் தப்பில்லை. ஒவ்வொரு ராம் ஸ்டிக்கிலும் ஒரு சின்னச் சிப் இருக்கும். அந்த ஸ்டிக் எந்த வேகத்தில், எந்த வோல்டேஜில் ஓடும் என்ற பட்டியல் அதில்தான் இருக்கிறது. முதல் பட்டியல் ஜெடெக் என்ற தர அமைப்பு வகுத்தது: 1.2 வோல்ட், உங்கள் ஸ்டிக்கில் 2133. புதுப் போர்டு முதல் தடவை ஆன் ஆகும்போது எதையும் நம்பாமல் இந்தப் பட்டியலைத்தான் எடுத்துக்கொள்ளும். பெட்டியில் பெரிதாகப் போட்ட 3600, எக்ஸ்எம்பி என்ற இரண்டாவது பட்டியலில் இருக்கிறது. அதற்குப் பெரும்பாலும் 1.35 வோல்ட் வேண்டும். நாமாகப் போய்த் தேர்ந்தெடுக்காதவரை அது சும்மாதான் கிடக்கும்.

இன்னொரு விஷயம். டிடிஆர்4-க்கு ஜெடெக் வகுத்த உச்சமே 3200தான். உங்கள் பிராசசருக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்வதும் 3200. ஆக 3600 என்பதே ஓவர்கிளாக், அதாவது அதிகாரபூர்வ வேகத்தைத் தாண்டி ஓட்டுவது. பிராசசரை ஓவர்கிளாக் பண்ணலாமா என்று கேட்கிறீர்கள். அந்த ராமை வாங்கும்போதே அதற்குப் பணம் கட்டிவிட்டீர்கள்.

பண்ணுங்கள். ராம் விஷயத்தில் என் பதில் தயக்கமில்லாத ஆமாம். இரண்டு ஸ்டிக்கும் சேர்ந்து 2133-இல் நொடிக்கு 34 ஜிபி அளவுக்குத் தரவைக் கொண்டுபோகும்; 3600-இல் 57 ஜிபிக்கு மேல். தாமதமும் குறைகிறது. கேட்ட தரவைத் தர ராம் எத்தனை துடிப்பு எடுத்துக்கொள்ளும் என்பதுதான் சிஎல் எண். அதை 2000-ஆல் பெருக்கி ராம் வேகத்தால் வகுத்தால் நானோசெகண்ட் கிடைக்கும். 2133 சிஎல்15 என்றால் 14, 3600 சிஎல்18 என்றால் 10. சிஎல் எண் பெரிதாக இருக்கிறதே என்று பயப்படுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம். ரைசனில் கூடுதலாக ஒன்று உண்டு. பிராசசருக்குள் இருக்கும் பகுதிகளை இணைக்கிற இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்ற பாதையின் வேகம் ராமோடு ஒட்டியே போகும். ராம் 3600 என்றால் அது 1800. 5000 வரிசையில் பெரும்பாலான பிராசசர்கள் இந்த 1800 வரை ஒன்றுக்கு ஒன்று என்று சேர்ந்து ஓடும். ராமை 4000-க்குத் தள்ளினால் இந்த ஜோடி பிரிந்து தாமதம் கூடும். எண்தான் அழகாக இருக்கும். உங்களுக்கு 3600 போதும், அதற்கு மேலே போகாதீர்கள்.

சரி, செய்முறை. முதலில் முக்கியமான ஃபைல்களை வேறொரு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியையும் குறித்து வையுங்கள். போர்டின் அடிப்படை செட்டிங் திரையான பயாஸுக்குள் போனால் எக்ஸ்எம்பி என்றோ, ஏ-எக்ஸ்எம்பி என்றோ, டிஓசிபி என்றோ ஒரு வரி இருக்கும். போர்டுக்குப் போர்டு பெயர் மாறும், விஷயம் ஒன்றுதான். அதை ஆன் செய்து, சேமித்து வெளியே வாருங்கள்.

இங்கேதான் நிறையப் பேர் பதறிவிடுகிறார்கள். திரை கறுப்பாகவே இருக்கும். ஃபேன் சுற்றும். போர்டின் ஓரத்தில் டிராம் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டி விளக்கு எரியும். திடீரென்று எல்லாம் அணைந்து, தானாகவே மறுபடி ஆன் ஆகும். போச்சு, எரிந்துவிட்டது என்று பவர் பட்டனை அமுக்காதீர்கள். புது வேகத்துக்கு ராமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஓரிரு நிமிடம் கை கட்டி நில்லுங்கள். முடியவில்லை என்றால் பெரும்பாலான போர்டுகள் தாமாகவே பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும். அதுவும் நடக்கவில்லையா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு, போர்டில் சிமாஸ் கிளியர் என்று குறித்திருக்கும் இரண்டு பின்களை ஒரு ஸ்க்ரூடிரைவர் நுனியால் சில நொடி தொட்டு வைத்தால் பயாஸ் பிறந்த நிலைக்குப் போய்விடும்.

விண்டோஸ் வந்ததும் டாஸ்க் மேனேஜர் 3600 காட்டும். சிபியு-இசட் நிரல் மட்டும் 1800 என்று காட்டும். அதைப் பார்த்து மறுபடி எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். டிடிஆர் ஒரு துடிப்புக்கு இரண்டு தடவை தரவு அனுப்பும். 1800-இன் இரட்டைதான் 3600.

விண்டோஸ் திறந்துவிட்டது என்பதால் வேலை முடிந்துவிடவில்லை. பல வருடங்களுக்கு முன் என் கம்ப்யூட்டரில் ராமைக் கொஞ்சம் அதிகமாக ஏற்றி வைத்திருந்தேன். கேம் ஓடியது, படம் ஓடியது, ஒரு தடவைகூட நீலத்திரை வரவில்லை. சில மாதம் கழித்து வீட்டு விசேஷப் படங்கள் இருந்த ஜிப் ஃபைலைத் திறந்தால் சிஆர்சி பிழை, அதாவது உள்ளே தரவு கெட்டிருக்கிறது. பேக்கப் டிஸ்க்கில் இருந்த பிரதியைத் திறந்தேன், அதிலும் அதே பிழை. அந்தப் பிரதியை எடுத்ததும் இதே கோளாறு ராம் வழியாகத்தானே! பிராசசர் நிலைகுலைந்தால் மெஷின் நின்றுவிடும், நமக்குத் தெரிந்துவிடும். ராம் தப்புச் செய்தால் சத்தமே வராது. ஒரு பிட் மாறிப்போய் டிஸ்க்கில் உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் பேக்கப்பை எக்ஸ்எம்பி போடுவதற்கு முன்னாலேயே எடுக்கச் சொன்னேன்.

ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரலின் இலவசப் பதிப்பை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, நான்கு சுற்றும் முடியவிடுங்கள். மணிக்கணக்கில் ஆகும், இரவு போட்டுவிட்டுத் தூங்குங்கள். பிழை பூஜ்யமாக இருக்க வேண்டும். "ஒரே ஒரு பிழைதானே" என்ற பேச்சே இல்லை. நம் ஊருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ராம் சூடானால் பிழை கூடும். டிசம்பர் ராத்திரியில் தேறிய செட்டிங் மே மாத மத்தியானத்தில் கவிழலாம். ஆகவே பகல் வெயிலில், அரை மணி நேரம் கேம் ஓட்டிச் சூடேற்றிவிட்டு, டெஸ்ட்மெம்5 மாதிரி விண்டோஸுக்குள் ஓடும் சோதனையையும் ஒரு தடவை ஓட்டிவிடுங்கள். பிழை வந்தால் வோல்டேஜை ஏற்ற அவசரப்படாமல் 3466, அதிலும் வந்தால் 3200 என்று இறங்குங்கள். 3600-க்கும் 3200-க்கும் உள்ள வித்தியாசம் உங்கள் கார்டில் கண்ணுக்கே தெரியாது. 2133-இலிருந்து வந்த பாய்ச்சல்தான் பெரியது.

எச்டபிள்யூஇன்ஃபோ என்ற நிரலில் எஸ்ஓசி வோல்டேஜ் (பிராசசருக்குள் மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போவது) எவ்வளவு என்றும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். எக்ஸ்எம்பி போட்டதும் சில போர்டுகள் தாராளமாக ஏற்றிவிடும். உங்கள் பிராசசருக்கு 1.1-க்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது, 1.2-ஐத் தாண்டக் கூடாது. 2023-இல் ஏஎம்டியின் அடுத்த தலைமுறையில் இந்த வோல்டேஜ் எகிறிச் சில பிராசசர்கள் கருகியே போயின. அதற்குப் பிறகு அந்த வரிசைக்கு 1.3 என்று ஏஎம்டி வரம்பு போட்டது.

இனி பிராசசர். உங்கள் நண்பர் செய்ததை நீங்கள் செய்ய வேண்டாம்.

ஓவர்கிளாக் என்றாலே வாயூறுவதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1998-இல் இன்டெல் விற்ற செலிரான் 300ஏ பிராசசரின் பஸ் (போர்டோடு இணைக்கும் தரவுப் பாதை) வேகத்தை 66-லிருந்து 100-க்கு மாற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் 450 ஆகிவிடும். பைசா செலவில்லாமல் ஒன்றரை மடங்கு. அந்த மிச்சத்தை அன்று கம்பெனி நமக்கு விட்டுவைத்திருந்தது. இன்று விடுவதில்லை, பூஸ்ட் என்ற பெயரில் அவர்களே சுரண்டி எடுத்து விற்றுவிடுகிறார்கள். உங்கள் 5600எக்ஸின் அடிப்படை வேகம் 3.7, பூஸ்ட் 4.6. வேலை எவ்வளவு, சூடு எவ்வளவு என்று பார்த்து நொடிக்குப் பல தடவை அதுவே ஏறி இறங்குகிறது.

பிராசசருக்குள் கணக்குப் போடும் பகுதிகளான கோர்கள் எல்லாவற்றையும் உங்கள் நண்பர் மாதிரி ஒரே வேகத்தில் பூட்டினால் என்ன ஆகும்? கணக்கு சுலபம். பிராசசர் இழுக்கும் மின்சாரம் வேகத்துக்கு நேர் விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பவும் கூடும். 4.3-ஐ 4.6 ஆக்க 1.2 வோல்ட்டை 1.35 ஆக்க வேண்டியிருந்தது என்று வையுங்கள். வேகம் 7 சதவீதம் கூடும், சூடு 35 சதவீதம் கூடும். கூடவே வந்த கூலர் ஒரு சின்ன அலுமினியக் கட்டி. பிராசசர் மொத்தம் 76 வாட் வரை இழுக்கும் என்ற வரம்புக்கு ஏற்ற கூலர் அது. யூடியூபில் சோதிப்பவர்கள் 21 டிகிரி அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏசி இல்லாத சேலத்து அறை 35 என்றால் அவர்கள் காட்டும் ஒவ்வொரு எண்ணோடும் 14 டிகிரியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

அதற்கு நேர் எதிரான வழிதான் எனக்குப் பிடித்தது: வோல்டேஜைக் குறைப்பது. பயாஸில் பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ் பகுதிக்குள் கர்வ் ஆப்டிமைசர் இருக்கும். எல்லாக் கோருக்கும், நெகட்டிவ், 10 என்று தொடங்குங்கள். அதே வேகத்துக்குக் கொஞ்சம் குறைந்த வோல்டேஜ் போவதால் சூடு குறையும். மிச்சமான இடத்தில் பிராசசர் தானாகவே சற்று அதிகம் பூஸ்ட் ஆகும். ஒரு வாரம் ஓட்டிவிட்டு 15, அப்புறம் 20. 30 வரை போகலாம். எல்லாப் பிராசசரும் அதைத் தாங்காது. இதில் ஒரு விநோதம்: அளவு மீறினால் கனமான வேலையில் கவிழாது. யாரும் தொடாமல் டெஸ்க்டாப் சும்மா இருக்கும்போது பொசுக்கென்று ரீஸ்டார்ட் ஆகும். ஏனென்றால் லேசான வேலையின்போதுதான் ஒரு கோர் உச்ச வேகத்துக்குத் தாவுகிறது. விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் வீயா-லாகர், எண் 18 என்று பதிவு இருந்தால் இதுதான் காரணம், ஐந்து படி பின்வாங்குங்கள். கோர்சைக்ளர் என்ற இலவச நிரல் ஒவ்வொரு கோராகச் சோதித்து எது பலவீனம் என்று காட்டிக்கொடுக்கும்.

வாரன்டி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இவை எல்லாமே, எக்ஸ்எம்பி உட்பட, வாரன்டிக்கு வெளியே என்றுதான் ஏஎம்டி எழுதி வைத்திருக்கிறது.

கடைசியாக, நான்கு ஸ்டிக் யோசனை. வேண்டாம். நான்கையும் 3600-இல் ஓட்டச் சொல்வது பிராசசருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலருக்குக் குருவி தலையில் பனங்காய். அதிலும் வேறு வேறு நாளில் வாங்கிய ஜோடிகளில் ஒரே மாடல் எண் இருந்தாலும் உள்ளே இருக்கும் சிப் வேறாக இருக்கலாம். 32 ஜிபி நிஜமாகவே தேவைப்பட்டால் இப்போது இருப்பதை விற்றுவிட்டு, ஒரே பெட்டியில் வரும் 16 ஜிபி ஜோடியை வாங்குங்கள். அதைச் சொருகும்போது பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட். இப்போதைய இரண்டும் அங்கேதான் இருக்கின்றனவா என்று இன்றைக்கே மூடியைத் திறந்து பார்த்துவிடுங்கள். முதல் தடவை அசெம்பிள் செய்பவர்களில் பலர் முதல் இரண்டு ஸ்லாட்டிலேயே சொருகிவிடுகிறார்கள். அப்படிச் சொருகியிருந்தால் எக்ஸ்எம்பி போட்டாலும் பாதி அகலத்தில்தான் ஓடும்.