அப்பாவின் லாட்டரிச் சீட்டுகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அப்பா தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். வயது 62. ஆறு வருடமாகப் பார்க்கின்சன் நோய். குடி, சீட்டாட்டம் எதுவும் கிடையாது. பால் கணக்கைக்கூட நோட்டில் எழுதி வைப்பவர். இரண்டு வருடம் முன்பு டாக்டர் பிராமிபெக்ஸோல் என்ற மாத்திரையைச் சேர்த்தார். நடை நன்றாகத் தேறியது. கொஞ்ச நாளில் லாட்டரி வாங்க ஆரம்பித்தார். இப்போது பென்ஷனில் பாதி அதில்தான் போகிறது. ஒரு முறை 5000 ரூபாய் விழுந்தது. சந்தோஷப்பட்ட மாதிரியே தெரியவில்லை, அன்று மாலையே அத்தனைக்கும் சீட்டு வாங்கிவிட்டார். ரிட்டயர் ஆனவர்களுக்கு வரும் கிறுக்கு என்கிறார் மாமா. அம்மா அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

மாத்திரைதான் காரணமாக இருக்கலாம் என்று படித்தேன். நிறுத்திவிடலாமா? ஒரு மாத்திரை ஆளையே மாற்றும் என்றால் குணம் என்பது வெறும் ரசாயனம்தானா? அப்படியானால் குடித்தே சொத்தை அழித்த சித்தப்பாவையும் குறை சொல்ல முடியாதே?

பெயர் வேண்டாம்,
பாலக்காடு

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் மாத்திரை விஷயம். நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்த வகை மருந்தைச் சட்டென்று விட்டால் பதற்றம், வியர்வை, உடல்வலி, கடும் மனச்சோர்வு என்று போதையை விட்டவர் படும் பாடெல்லாம் வரக்கூடும். நோயும் ஏறும். நரம்பியல் மருத்துவரிடம் போய் லாட்டரி என்ற சொல்லைச் சொல்லியே பேசுங்கள். அளவைப் படிப்படியாகக் குறைப்பதா, வேறு மருந்துக்கு மாற்றுவதா என்பதை அவர் முடிவு செய்வார். அளவு குறைந்ததும் பலருக்கு அந்த வெறி அடங்கிவிடுகிறது. அதுவரை ஏடிஎம் கார்டு உங்களிடம் இருக்கட்டும்.

உங்கள் சந்தேகம் வீண் சந்தேகம் இல்லை. 2005இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள், திடீரென்று சூதாட்டத்தில் விழுந்த 11 பார்க்கின்சன் நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் 9 பேர் சாப்பிட்டது உங்கள் அப்பா சாப்பிடும் அதே பிராமிபெக்ஸோல். 2010இல் மூவாயிரத்துச் சொச்சம் நோயாளிகளிடம் நடந்த ஆய்வு வெளிவந்தது. சூது, கண்டபடி பொருள் வாங்குவது, அளவில்லாமல் தின்பது, காம வெறி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இந்த வகை மருந்து எடுப்பவர்களில் 17 சதவீதம் பேருக்கு இருந்தது. எடுக்காதவர்களில் 7 சதவீதம். பிரான்சில் வங்கி மேலாளராக இருந்த ஒருவர் இதே குடும்பத்து மருந்தால் சூதாடி எல்லாவற்றையும் இழந்து வழக்குப் போட்டார். 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1,97,000 யூரோ இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

பார்க்கின்சனில், மூளை செல்களுக்கு இடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் சாகின்றன. அசைவைக் கவனிக்கும் பகுதியில்தான் பஞ்சம் அதிகம். ஆசையைக் கவனிக்கும் பகுதி ஆரம்ப வருடங்களில் ஓரளவு தப்பித்திருக்கும். பிராமிபெக்ஸோல் டோபமைன் மாதிரியே நடித்து, அது உட்காரும் இடங்களில் (ஏற்பிகள் என்பார்கள்) போய் உட்கார்ந்துகொள்கிறது. காலுக்குப் போதுமான அளவு கொடுத்தால் ஆசைப் பகுதிக்கு அது அதிகமாகிவிடுகிறது. போதாததற்கு இந்த மருந்து அதிகம் ஒட்டும் டி3 என்ற வகை ஏற்பிகள் அங்கேதான் நிறைய இருக்கின்றன.

டோபமைன் என்றால் இன்பம் என்று வாட்ஸப்பில் படித்திருப்பீர்கள். அது சரியில்லை. கென்ட் பெர்ரிட்ஜ் என்ற ஆய்வாளர் டோபமைன் அறவே இல்லாமல் செய்த எலிகளைப் பார்த்தார். வாயில் சர்க்கரைத் தண்ணீர் விட்டால் அவை ருசித்து உதட்டை நக்கின. ஆனால் பக்கத்தில் இருந்த தீனியை நாடிப் போகவில்லை. ஊட்டாவிட்டால் பட்டினியில் செத்திருக்கும். வேண்டும் என்ற உந்துதல் வேறு, கிடைத்ததை அனுபவிப்பது வேறு. 5000 ரூபாய் விழுந்தபோது அப்பா முகத்தில் நீங்கள் எதையும் பார்க்காததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். உங்கள் கடிதத்திலேயே என்னை உலுக்கிய வரி அது.

இன்னொன்றும் உண்டு. வொல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற மூளை ஆய்வாளர் குரங்குகளிடம் கண்டது: எதிர்பார்த்த பழச்சாறு வராமல் போனால், அந்த நொடியில் டோபமைன் செல்களின் துடிப்பு சட்டென்று தாழ்கிறது. மூளை ஏமாற்றத்தைக் குறித்துக்கொள்வது அப்படித்தான். மாத்திரை நாள் முழுக்க ஏற்பியில் உட்கார்ந்திருந்தால் அந்தத் தாழ்வு பதியாது, தோற்றதில் இருந்து பாடம் ஏறாது என்று விளக்குகிறார்கள். பால் கணக்கு எழுதியவர் லாட்டரிக் கணக்கு எழுதாதது ஏன் என்று யோசித்தால் இந்த விளக்கம் எனக்குப் பொருத்தமாகத் தெரிகிறது.

சரி, குணம் வெறும் ரசாயனமா? நான் அப்படி நினைக்கவில்லை. மாத்திரைக்குள் லாட்டரி என்று எழுதியிருக்கவில்லை. அது வேண்டும் என்ற உந்துதலை மட்டும் கூட்டுகிறது. எதை என்பதை ஊர் சொல்கிறது. 1967 முதல் அரசே லாட்டரி நடத்தும் கேரளத்தில், டீக்கடை வாசலுக்கே சீட்டு வருகிறது. லாட்டரிக்குத் தடை இருக்கும் கோயம்புத்தூரில் இருந்திருந்தால் அப்பா வேறு எதிலாவது போயிருப்பார், அல்லது எதிலுமே போகாமல் இருந்திருப்பார். முன்னே சொன்ன 2010 ஆய்வில், மருந்து எடுத்தும் 83 சதவீதம் பேருக்கு இப்படி எதுவும் நேரவில்லை. வயது குறைந்தவர்கள், புகைப்பவர்கள், குடும்பத்தில் யாருக்காவது சூதுப் பழக்கம் உள்ளவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு கூடுதல். ஆக மாத்திரை, உடல்வாகு, ஊர் மூன்றும் சேர்ந்துதான் ஒருவரை அங்கே கொண்டுபோய் நிறுத்துகின்றன. இதில் உங்கள் அப்பா தேர்ந்தெடுத்தது என்று பார்த்தால், நன்றாக நடக்க வேண்டும் என்பது ஒன்றுதான்.

சித்தப்பா கதை கொஞ்சம் வேறு. முதல் கிளாஸை அவர் கையாலேயே எடுத்தார். ஆனால் வருடக்கணக்கில் குடித்த மூளை, எடுக்க ஆரம்பித்த நாளில் இருந்த மூளை இல்லை. நிறுத்திய மறுநாளே பழையபடி ஆகிவிடுவதும் இல்லை. குடி வெறியைத் தணிக்க நால்ட்ரெக்ஸோன் போன்ற மருந்துகள் இருக்கின்றன. சொத்து போனதற்கு அவரைத் திட்டுங்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கூடவே மனநல மருத்துவரிடம் ஒரு முறை கூட்டிக்கொண்டும் போங்கள்.

அப்பாவோடு அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அம்மாவையும் அறைக்குள் அழைத்துப் போங்கள். நீங்கள் சொன்னால் அப்பாவுக்காகப் பரிந்து பேசுவதாக நினைப்பார். இது மருந்து செய்த வேலை என்பதை டாக்டர் வாயால் அவர் கேட்கட்டும். மாமாவுக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.