30 பேர், இரண்டு பர்னர், 12 பலகாரம்: எதை விடலாம்?

கேள்வி: தீபாவளி அன்று மாலை எங்கள் அடுக்ககத்துக்காரர்கள், கணவரின் அலுவலக நண்பர்கள் என்று 30 பேர் வருகிறார்கள். எட்டரை மணிக்கு எலுமிச்சை சாதமும் தயிர்சாதமும் வெளியில் சொல்லியாகிவிட்டது. ஆறு மணியிலிருந்து அதுவரை நின்று பேசிக்கொண்டே கொறிக்க, ஒரு வாய், இரண்டு வாய் அளவில் இனிப்பும் காரமும் வீட்டிலேயே செய்ய ஆசை. பட்டியல் போட்டால் 12 வகை வந்துவிட்டது: குலாப் ஜாமூன், ஜாங்கிரி, பாதுஷா, செவன் கப், முந்திரிக்கொத்து, பஜ்ஜி, போண்டா, சமோசா, கட்லெட், பானி பூரி, பொடி இட்லி, தட்டுவடை செட். அடுப்பில் இரண்டே பர்னர். வேலைக்கு நானும் மாமியாரும்தான். நாகர்கோவில்காரரான அவருக்கு, "குட்டி குட்டியா எதையோ நீட்டுறது உபசரிப்பா?" என்று வருத்தம். மாமனாருக்குச் சர்க்கரை. எதை வைக்கலாம், எதை விடலாம், எவ்வளவு செய்ய வேண்டும், என்றைக்குச் செய்ய வேண்டும்?
- வாசகி, தாம்பரம்

பதில்: முதலில் பட்டியலில் ஏழைத் தூக்கிவிடலாம். மனசு கேட்காது, தெரியும். ஆனால் சின்னதாகச் செய்தால் வேலை சின்னதாகும் என்பது தப்புக் கணக்கு. 20 பெரிய சமோசாவுக்கான மாவிலும் பூரணத்திலும் 60 குட்டிச் சமோசா வரும். மாவு அதிகமாகாது, மடிக்கிற கைவேலை மூன்று மடங்கு ஆகும். அதனால் வகை குறைய வேண்டும், கைவேலை முன்கூட்டியே முடிய வேண்டும். தீபாவளி சாயங்காலம் அடுப்பில் ஒரே ஒரு எண்ணெய்ச் சட்டிதான் இருக்க வேண்டும்.

விட வேண்டியவை. குலாப் ஜாமூன் பாகு சொட்டும். கிண்ணமும் ஸ்பூனும் வேண்டும், பட்டுப் புடவைக்கும் ஆகாது. ஜாங்கிரியையும் பாதுஷாவையும் எப்படியும் நாலு பேர் டப்பாவில் கொண்டு வரத்தான் போகிறார்கள், நீங்கள் வேறு எதற்கு? பஜ்ஜியும் போண்டாவும் சட்டியிலிருந்து நேரே தட்டுக்கு வந்தால்தான் ருசி, பத்து நிமிஷத்தில் துவண்டுவிடும். 30 பேருக்குச் சுடச்சுடப் போட்டால் விருந்து முடிகிறவரை நீங்கள் சமையலறையில்தான். கட்லெட் நல்லதுதான், ஆனால் சமோசா இருக்கும்போது எண்ணெயில் பொரிக்கிற இன்னொன்று வேண்டாம். பானி பூரிக்கு ஓர் ஆள் நின்று கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மிச்சம் ஐந்து: முந்திரிக்கொத்து, செவன் கப், தட்டுவடை செட், பொடி இட்லி, சமோசா. பிறகு சாப்பாடு இருப்பதால் ஆளுக்கு இனிப்பில் இரண்டு மூன்று, காரத்தில் ஏழெட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இனிப்பு இரண்டும் சேர்த்து 80 துண்டு, சமோசா 60, தட்டுவடை செட் 45, மினி இட்லி 120. இதற்கு மேல் செய்தால் மறுநாள் நீங்கள்தான் சாப்பிட வேண்டியிருக்கும்.

முந்திரிக்கொத்தை மாமியாரிடம் விட்டுவிடுங்கள். குமரி மாவட்டத்துக்காரருக்கு நான் சொல்லிக்கொடுத்தால் சிரிப்பார். இருந்தாலும் அளவு விஷயத்தில் ஒரு சொல். வழக்கமாக மூன்று மூன்றாகச் சேர்த்துக் கொத்தாகப் பொரிப்பார்கள். உங்களுக்கு நெல்லிக்காய் அளவு உருண்டைகள், தனித்தனியாக. பச்சைப் பயறை வாசம் வர வறுத்துக் கொரகொரப்பாக அரைத்த மாவு 2 கப், வெல்லம் ஒன்றேகால் கப், ஈரம் போக வறுத்த தேங்காய்த் துருவல் அரை கப், எள், ஏலக்காய். தேங்காயில் ஈரம் நின்றால் நாள் தாங்காது. பாகு பிசுக்கென்று விரலில் ஒட்டினால் போதும், முற்றவிட்டால் உருண்டை கல்லாகிவிடும். உருட்டியதை ஒரு ராத்திரி ஆறப் போட்டு, மறுநாள் அரிசி மாவும் மைதாவும் துளி மஞ்சளும் கரைத்த மாவில் தோய்த்துப் பொரிக்க வேண்டும். ஆறப் போடாமல் தோய்த்தால் எண்ணெயில் பிரிந்துவிடும். இது தீபாவளிக்கு ஐந்து நாள் முன்பே முடிந்துவிடட்டும். 30 பேர் நடுவில் தன் ஊர்ப் பலகாரத்தைத் தன் கையால் எடுத்து நீட்டும்போது உபசரிப்பு பற்றிய வருத்தம் தானாகப் போய்விடும் என்பது என் ஊகம்.

செவன் கப் மூன்று நாள் முன்பு. கடலை மாவு, பால், தேங்காய்த் துருவல், நெய் தலா ஒரு கப், சர்க்கரை மூன்று கப் என்பது பெயருக்கேற்ற கணக்கு. சர்க்கரை இரண்டரை கப் போதும், பெயர் கெட்டாலும் பரவாயில்லை. கடலை மாவை ஒரு ஸ்பூன் நெய்யில் பச்சை வாசனை போக வறுத்து, பாலைக் கட்டியில்லாமல் கரைத்துவிட்டு, மற்றதையும் சேர்த்து மிதமான தீயில் கைவிடாமல் கிளற வேண்டும். முதலில் தளதளவென்று கொதிக்கும். அப்புறம் கெட்டியாகி ஓரம் விடும். ஓரத்தில் வெள்ளையாக நுரைத்து, கரண்டியோடு மொத்தமும் ஒன்றாகச் சுருண்டு வரும் கணத்தில் நெய் தடவிய தட்டில் கொட்டிவிடுங்கள். இன்னும் ஒரு நிமிஷம் என்று நின்றால் பொடிப்பொடியாக உதிரும். குட்டித் துண்டுக்கு முக்கியம் வெட்டும் நேரம். கை பொறுக்கும் சூட்டில், நெய் தடவிய கத்தியால் ஓர் அங்குலச் சதுரமாகக் கோடு போட்டுவிட்டு, முழுக்க ஆறிய பிறகு எடுங்கள். ஆறவிட்டு வெட்டினால் ஓரமெல்லாம் நொறுங்கும். ஒன்பது அங்குலத் தட்டுக்கு நாற்பது, ஐம்பது துண்டு வரும்.

தட்டுவடை செட்தான் அன்றைக்குப் பெயர் வாங்கப் போகிறது. சேலத்துத் தெருக்கடைகளில் நின்றபடி சாப்பிடுவதற்கென்றே உருவானது, உங்கள் தேவைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. தட்டையை வீட்டிலேயே செய்ய வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். நல்ல கடையில் சின்ன தட்டையாகப் பார்த்து 100 வாங்கிவிடுங்கள், பத்து உடையும். செய்துதான் ஆவேன் என்றால், 4 கப் அரிசி மாவுக்கு அரை கப் வறுத்த உளுத்தம் மாவு, கொஞ்சம் வெண்ணெய், மிளகாய்த் தூள், பெருங்காயம், அரை மணி நேரம் ஊறிய கடலைப் பருப்பு. பருப்பை ஒட்ட வடித்துவிட்டுச் சேருங்கள். தட்டிய பிறகு ஃபோர்க்கால் நாலு இடத்தில் குத்திவிட்டால் பூரி மாதிரி உப்பாது. ஐப்பசி மழைக் காற்றில் மொறுமொறுப்பு சீக்கிரம் போய்விடும். நன்றாக ஆறிய பிறகு டப்பாவில் போட்டு இறுக மூடுங்கள், இளஞ்சூட்டோடு மூடினால் உள்ளேயே வியர்த்து நமுத்துப் போகும்.

மேலே வைக்க இரண்டு சட்னி. கொத்தமல்லி, புதினா, பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு ஒன்று. ஊறவைத்த காய்ந்த மிளகாயும் பூண்டும் உப்பும் மற்றொன்று. இரண்டிலும் தண்ணீர் கை நடுங்கித்தான் விழ வேண்டும். கேரட், பீட்ரூட் துருவி, வெங்காயம் பொடியாக நறுக்கித் தனித்தனிக் கிண்ணத்தில். பீட்ரூட்டை ஒரு பிழி பிழிந்துவிடுங்கள், இல்லாவிட்டால் தட்டு முழுக்கச் சிவப்பாகும். தட்டையில் சட்னி தடவி, காய் வைத்து, மேலே இன்னொரு தட்டை. இதை ஆட்கள் வந்த பிறகு பத்துப் பத்தாகத்தான் அடுக்க வேண்டும், கால் மணி நேரத்துக்கு மேல் தாங்காது. அடுக்குகிற வேலைக்கு அடுக்ககத்துப் பெரிய பிள்ளைகள் இரண்டு பேரைப் பிடியுங்கள், சந்தோஷமாகச் செய்வார்கள். சின்னவர்களுக்குச் சிவப்புச் சட்னி வேண்டாம்.

பொடி இட்லியில் சொல்ல அதிகமில்லை. மதியமே மினி இட்லி ஊற்றி ஆறவிடுங்கள். ஆவி பறக்கும்போது பொடியில் புரட்டினால் உடையும். ஐந்தரை மணிக்கு அகலமான வாணலியில் நல்லெண்ணெய், கடுகு, கறிவேப்பிலை தாளித்து, இட்லியைப் போட்டு, பொடி தூவி இரண்டு குலுக்கு. பல் குத்தும் குச்சி செருகுவதானால் பெரியவர்கள் தட்டுக்கு மட்டும்.

சமோசாவுக்கு வெங்காயம்தான் என் ஓட்டு. கடைகளில் உறைநிலையில் சமோசா பட்டி கிடைக்கிறது, இரண்டு அங்குல அகலத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். மெல்லிசாக அரிந்த வெங்காயத்தை மிளகாய்த் தூளோடு ஈரம் வற்ற வதக்கி, ஆறியதும் ஒரு கைப்பிடி அவல் கலந்துவிட்டால் மிச்ச ஈரத்தையும் அது குடித்துவிடும். மைதாப் பசை தடவி முக்கோணமாக மடிக்கும்போது முனைகளைப் பாருங்கள். ஊசி நுழைகிற ஓட்டை இருந்தாலும் எண்ணெய் உள்ளே போய்விடும், குட்டிச் சமோசாவில் அது ஒரு வாய் எண்ணெய். முதல் நாள் மடித்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். இறுகிய பிறகு டப்பாவுக்கு மாற்றலாம். பொரிக்கும்போது வெளியே எடுத்து இளகவிடாமல் நேரே எண்ணெயில் போடுங்கள், இளகினால் பட்டி பிசுபிசுக்கும். ஒரு ஈட்டுக்கு எட்டு, பத்துக்கு மேல் வேண்டாம். குளிர்ந்த சமோசா நிறைய விழுந்தால் எண்ணெய்ச் சூடு இறங்கி எல்லாம் எண்ணெய் குடிக்கும். தீ மிதமாகவே இருக்கட்டும். இந்த வேலையை உங்கள் கணவரிடம் கொடுங்கள். அலுவலக நண்பர்கள் அவருடையவர்கள்தானே!

மாமனார் விஷயம். வெல்லத்தில் செய்தது, அதனால் பரவாயில்லை என்று யாராவது முந்திரிக்கொத்தை அவர் கையில் திணிப்பார்கள். வெல்லமும் ரத்தச் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். அவருக்கென்று கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு பாத்திரம் செய்துவிடுங்கள். காலையில் ஊறப்போட்டால் மாலை குக்கரில் வேலை முடிந்தது. சின்னக் கிண்ணங்களில் போட்டு மேஜையில் எல்லோருக்குமாகவே வைத்துவிடுங்கள். அவருக்கு மட்டும் தனியாக நீட்டினால் சங்கடப்படுவார்.

பரிமாறும் வரிசைக்கு வருவோம். இனிப்பில் தொடங்குவது நம் வழக்கம், அதனால் உள்ளே நுழைகிறவர்களுக்கு முந்திரிக்கொத்து. ஆறேகாலுக்குப் பொடி இட்லி, ஆறரையிலிருந்து தட்டுவடை செட், ஏழு மணிக்குச் சமோசா. செவன் கப் கடைசியில், காபியோடு. ஐந்தையும் ஒரே நேரத்தில் மேஜையில் பரப்பிவிட்டால் முதலில் வந்த எட்டுப் பேர் சமோசாவை முடித்துவிடுவார்கள். சின்னப் பாக்குமட்டைத் தட்டு 50, டிஷ்யூ அதைப் போல மூன்று மடங்கு. குப்பைக் கூடையைக் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் குச்சிகளும் தட்டுகளும் உங்கள் பூந்தொட்டியில் கிடக்கும்.

சமோசா பொரித்த எண்ணெயை மறுநாள் வடை சுட எடுக்காதீர்கள். ஆறியதும் வடிகட்டி வைத்து, இரண்டு நாளில் தாளிக்க மட்டும் பயன்படுத்துங்கள். அப்புறம், ஒரு சிலிண்டர் ஸ்பேர் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.