நடை ஊருணியில் தொடங்கட்டும்

அன்புள்ள ஐயா,

செட்டிநாட்டைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்துவருகிறேன். சித்திரை விடுமுறையில் மகளுடன் கானாடுகாத்தானுக்கு வந்திருந்தேன். அவள் ஒன்பதாம் வகுப்பு முடித்திருக்கிறாள். தங்கியிருந்த விடுதியில் சொல்லி, உள்ளூர் வழிகாட்டி ஒருவருடன் இரண்டு மணி நேரம் நடந்து ஊரைச் சுற்றிப் பார்த்தோம். வந்த இளைஞர் பணிவானவர். ஆனால் அவர் சொன்னதெல்லாம் விலையும் எடையும்தான். இந்தக் கதவு இத்தனை லட்சம் பெறும், இந்தத் தூண் ஒரே மரம், இந்தக் கல் இத்தாலி, இந்தக் கண்ணாடி பெல்ஜியம், இந்தச் சுவரில் முட்டை வெள்ளைக்கரு. ஐந்து வீடுகள் பார்த்தோம், ஐந்திலும் இதுவே. மூன்றாவது வீட்டில் மகள், "இவ்வளவு பெரிய வீட்டில் ஏன் யாருமே இல்லை?" என்று கேட்டாள். "எல்லாரும் வெளியூரில் இருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

திரும்பும்போது, யாருடைய வீட்டுக்குள்ளோ அழைப்பில்லாமல் நுழைந்துவிட்டதைப் போன்ற கூச்சம் எனக்கு. வழிகாட்டி இல்லாமலே நடந்திருக்கலாமோ? இரண்டு மணி நேரத்தில் ஓர் ஊரைப் பார்த்துவிட நினைத்ததே தவறோ? மறுபடி வந்தால் எதைப் பார்க்க வேண்டும்?

ஒன்று மட்டும் நினைவில் நிற்கிறது. ஒரு வீட்டு முகப்பைத் தாண்டியதும் மகள் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றாள். வெளியே வெயில் கொளுத்தியது. "சில்லென்று இருக்கிறதம்மா" என்றாள்.

(பெயர் வெளியிட வேண்டாம்)
கோவை

*

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டு மணி நேரம் போதும். ஐந்து வீடுகள்தாம் அதிகம். ஒரு வீடு, இரண்டு தெரு, ஓர் ஊருணி, இவ்வளவு பார்த்திருந்தால் உங்கள் மகள் கேட்டதற்கு விடை அந்த நடையிலேயே கிடைத்திருக்கும்.

வழிகாட்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவர்மீது நீங்கள் வைக்கும் குறையில் பாதி அவருடையதல்ல. வருகிறவர்களில் பெரும்பாலோர் வாசலில் நின்றதும் கேட்கும் முதல் கேள்வி "இது எவ்வளவு இருக்கும்?" என்பதுதான். தினமும் அதையே கேட்கக் கேட்க, அவர் கேட்காமலே சொல்லப் பழகிவிட்டார். அவர் இல்லாமல் நடந்திருந்தால் நீங்கள் பார்த்திருக்கக்கூடியது பூட்டிய கதவுகளையும் வெளித்திண்ணைகளையும் மட்டுமே. எந்த வீட்டின் சாவி யாரிடம் இருக்கிறது, எந்த வீட்டில் இன்று விசேஷம், எந்த ஆச்சி காலையில் யாரையும் உள்ளே விட மாட்டார், இதெல்லாம் உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும். அடுத்த முறையும் வழிகாட்டியோடுதான் நடக்க வேண்டும். ஆனால் புறப்படும்போதே, "அரண்மனையிலிருந்து வேண்டாம், ஊருணியிலிருந்து தொடங்குங்கள்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள். அவர் நீச்சல் பழகிய இடமாகக்கூட அது இருக்கலாம்.

ஏன் ஊருணி என்றால், இந்த மண்ணில் ஆண்டு முழுதும் ஓடுகிற ஆறு ஒன்றுகூட இல்லை. செம்மண், சரளை, செம்பூராங்கல். ஐப்பசி கார்த்திகையில் பெய்கிற மழைதான் எங்களுக்கு எல்லாம். இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய வழிவழிச் செய்தி. கடல்கொண்ட ஊரிலிருந்து வந்த நினைவால்தான் வீட்டின் அடித்தளத்தை இவ்வளவு உயர்த்திக் கட்டினார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது எப்படியோ, வெள்ளத்துக்கு அஞ்சி வந்ததாகச் சொல்லப்படுகிறவர்கள் தண்ணீரைத் தேடித் தேடிச் சேர்க்க வேண்டிய நிலத்தில் குடியேறினார்கள். 96 ஊர்கள் என்பது பழைய கணக்கு, இன்று எழுபதுக்குச் சற்று மேல். எந்த ஊருக்குப் போனாலும் குடிக்க ஓர் ஊருணி, குளிக்கத் துவைக்க வேறொன்று என்று பிரித்து வைத்திருப்பதைப் பார்க்கலாம்.

ஊருணிப் படிக்கட்டில் கால் மணி நேரம் உட்காருங்கள். பிறகு எழுந்து, தண்ணீர் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று பார்த்து, அந்த வாய்க்காலை எதிர்த்திசையில் பிடித்துக்கொண்டு நடங்கள். அது உங்களைத் தெருவுக்குக் கொண்டுபோகும். தெருக்கள் நூல் பிடித்ததுபோல் நேராக இருக்கும். ஒரு வீட்டின் முகப்பு ஒரு தெருவில், அதே வீட்டின் பின்கட்டு அடுத்த தெருவில். முன்தெருவிலிருந்து பின்தெருவுக்குச் சுற்றி நடந்து பார்த்தால்தான் ஒரு வீட்டின் நீளம் காலுக்குப் புரியும். உங்கள் நடையில் பின்தெருவுக்கே போகவில்லை என்று கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். பெரும்பாலான நடைகளில் போவதில்லை. வண்ணச் சுதைப் பொம்மைகளும் கஜலட்சுமியும் முன்வாசலில்தானே இருக்கின்றன.

இப்போது ஒரே ஒரு வீட்டுக்குள் போங்கள். முகப்பைத் தாண்டினால் வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் வரிசையாக அறைகள். தலையை நிமிர்த்தி ஓட்டுக்கூரையைப் பாருங்கள். நான்கு பக்கக் கூரையும் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். மழை வீட்டுக்கு வெளியே விழாமல் வீட்டின் நடுவில் விழ வேண்டும் என்று கட்டியிருக்கிறார்கள். கூரை மூலைகளிலிருந்து கொட்டும் நீரை முதலில் அண்டாக்களில் பிடித்துக்கொள்வார்கள். மிஞ்சியது முற்றத்துக் கல்தளத்தின் வழியே வெளியேறித் தெரு வாய்க்காலுக்குப் போகும். அங்கிருந்து, நீங்கள் உட்கார்ந்திருந்த அதே ஊருணிக்கு. தேக்கும் பளிங்கும் வாங்கப் பணம் இருந்தால் போதும். இந்த வழியை அமைக்க ஊர் முழுவதும் ஒரே சரிவை ஒப்புக்கொண்டு கட்ட வேண்டும். ஒரு வீட்டுக்காரர் தன் வாசலை மனம்போலத் தாழ்த்தியிருந்தாலும் தண்ணீர் நின்றுபோயிருக்கும். இந்த ஊர்களின் பெருமை என்று எனக்குத் தோன்றுவது இதுதான். இதைச் சொல்லாமல் கதவின் விலையைச் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வளவைச் சுற்றியிருக்கும் அறைகளையும் எண்ணச் சொல்லுங்கள், மகளுக்குப் பிடிக்கும். ஒவ்வொரு மகனுக்கும் ஒரு பங்கு அறை. திருமணமான மகனையும் மருமகளையும் 'வேறு வைப்பது' நகரத்தார் வழக்கம். ஒரே கூரையின் கீழ்தான் இருப்பார்கள், ஆனால் அடுப்பு தனி, ஆண்டுக்கான அரிசி பருப்புக் கணக்குத் தனி. அந்தத் தம்பதி கோயில் கணக்கில் ஒரு 'புள்ளி' ஆகிவிடுவார்கள், வரியும் அந்தப் புள்ளிக்கு உண்டு. கூட்டுக் குடும்பம் என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உள்ளே இவ்வளவு நுட்பமான பிரிவினை இருந்தது. மூன்றாம் கட்டுக்குப் போனால் அம்மிகளும் ஆட்டுக்கல்லும் உரலும் இன்னும் இருக்கும். அம்மியின் நடுப்பள்ளத்தைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை பெண்களின் எத்தனை விடியற்காலைகள் அந்தப் பள்ளத்தில் இருக்கின்றன!

இனி மகளின் கேள்விக்கு வருகிறேன். அவளே படிக்கும்படி எழுதுகிறேன்.

மகளே, இந்த வீடுகள் கட்டப்பட்ட காலத்திலேயே பாதி ஆட்கள் இங்கே இல்லை. 1852 போரில் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைப் பிடித்தார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பாவுக்கான கடல்வழி குறுகியது, பர்மா அரிசிக்குச் சந்தை பெருகியது. காட்டை அழித்து வயலாக்க உழவர்களுக்குக் கடன் தேவைப்பட்டது. அதைக் கொடுக்க இந்த வறண்ட ஊர்களிலிருந்து செட்டியார்கள் போனார்கள். 'கொண்டுவிற்கப் போவது' என்று அதற்குப் பெயர். போன இடத்தில் கிட்டங்கி என்ற நீண்ட கூடத்தில் ஆளுக்கொரு பெட்டியோடு உட்கார்ந்து கணக்கெழுதி, அங்கேயே பாய் விரித்துப் படுத்தார்கள். மேலாளாக, அதாவது முதலாளிக்காகக் கடையை நடத்தப் போனவருக்கு ஒரு தவணை மூன்று ஆண்டுகள். மனைவியும் குழந்தைகளும் பெரும்பாலும் இங்கேயே இருந்தார்கள். இரங்கூனிலிருந்து தேக்கு வந்தது, எழுதிய கடிதம் வந்தது, ஆள் வருவதற்கு மூன்று ஆண்டுகள் ஆயின. நீ பார்த்த அந்தப் பெரிய வளவு, காத்திருந்த பெண்களின் வீடு.

1930களில் அரிசி விலை விழுந்தது. கடனைத் திருப்ப முடியாத பர்மிய உழவர்களின் நிலங்கள் கடன் கொடுத்தவர்களிடம் வந்து சேர்ந்தன. அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் கீழ்ப் பர்மாவின் நெல்வயல்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு செட்டியார்கள் கையில் இருந்தது. அவர்கள் விரும்பியது பணம், வந்தது நிலம். நிலத்தைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவர முடியாது. அந்த உழவர்களின் கண்ணீரும் இந்தத் தூண்களுக்குள் இருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கிறேன். 1941 டிசம்பரில் ஜப்பானியர் இரங்கூனில் குண்டு வீசினார்கள். கப்பல் கிடைக்காத ஆயிரக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் கடந்து நடந்தே வந்தார்கள். வழியில் இறந்தவர்கள் பலர். 1948இல் பர்மா விடுதலை பெற்றபின் நிலங்கள் அரசுடைமையாயின. வீட்டைக் கட்டிய வருமானம் அத்தோடு நின்றது. பிள்ளைகள் படித்து, சென்னைக்கும் வெளிநாடுகளுக்கும் வேலைக்குப் போனார்கள். இப்போது ஒரு வீட்டுக்கு ஐம்பது அறுபது பங்காளிகள்கூட இருப்பதுண்டு. ஓடு மாற்ற வேண்டுமானால் அத்தனை பேரும் ஒப்ப வேண்டும். ஒப்பாத இடங்களில் வீடு இடிந்து, தூண்களும் கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. வழிகாட்டி அண்ணன் உனக்கு விலை சொன்னாரே, அந்த விலை அங்கேதான் போடப்படுகிறது.

ஆனால் 'யாருமே இல்லை' என்பது முழு உண்மை அல்ல, மகளே. திருமணத்துக்கும் அறுபதாம் கல்யாணத்துக்கும் பொங்கலுக்கும் வருவார்கள். முன்னோரை நினைத்துப் புதுத்துணி வைத்துப் படைக்கும் 'படைப்பு' நாளில் பங்காளிகள் அத்தனை பேரும் வளவில் பந்தி போட்டு உட்காருவார்கள். மற்ற நாள்களில், உனக்குக் கதவைத் திறந்துவிட்டுத் தூணோரம் நின்றிருப்பாரே ஒருவர், வீட்டைப் பார்த்துக்கொள்பவர், அவர் குடும்பம் பின்கட்டில் இருக்கும். அடுத்த முறை அவரோடு பேசு. மழைக்காலத்தில் எந்த மூலையில் முதலில் ஒழுகும் என்று அவருக்குத்தான் தெரியும்.

சகோதரி, உங்கள் கூச்சத்தைப் பற்றி. அது நல்ல கூச்சம், அதைப் போக்கிக்கொள்ள வேண்டாம். அது இருப்பவர்கள்தாம் செருப்பை வாசலில் விட்டு, பூஜையறைப் பக்கம் கேமராவைத் திருப்பாமல், கேட்டுவிட்டுப் படம் எடுப்பார்கள். நுழைவுக் கட்டணம் வாங்கும் வீடுகளில் அந்தப் பணம் கூரைக்கு உதவுகிறது, தயங்காமல் கொடுங்கள். பூட்டியிருந்தால் வற்புறுத்தாதீர்கள். கானாடுகாத்தான் அரண்மனை ராஜா சர் அண்ணாமலை செட்டியார் கட்டியது, குடும்பத்தின் சொந்த வீடு. வெளியே நின்று பார்ப்பதே போதுமான காட்சி.

காலை ஆறரைக்குத் தொடங்குங்கள். சித்திரையில் எட்டரைக்கு மேல் இங்கே நடப்பது உடம்புக்கு ஆகாது. முடிந்தால் கார்த்திகையில் வாருங்கள், மழை வளவில் இறங்குவதைப் பார்க்கலாம். அரிமளம், இராயவரம், கடியாபட்டி என்று புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்களுக்கும் போகலாம், அங்கே கூட்டம் குறைவு. நேரம் மிஞ்சினால் மதியம் ஆத்தங்குடி. கண்ணாடிமேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டுக் கல் செய்வார்கள். சூளைக்கே போகாத கல் அது, தண்ணீர்த் தொட்டியில் கிடந்து இறுகும். இங்கே எல்லாம் கடைசியில் தண்ணீரிடம்தான் வந்து நிற்கிறது.

கடைசியாக அந்தச் சுவர். என் தாத்தா கொத்தனார். இப்படிப்பட்ட வீடுகளில் பூச்சு வேலை செய்தவர். முட்டை வெள்ளைக்கரு உண்மைதான். ஆனால் அதை மட்டும் சொன்னால் மற்ற உழைப்பெல்லாம் மறைந்துவிடுகிறது. கிளிஞ்சல் சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்து அரைப்பார்கள். வெண்ணெய்போல் ஆகும்வரை அரைப்பார்கள், அதுவும் பெரும்பாலும் பெண்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் பல பூச்சு. கடைசிப் பூச்சில்தான் வெள்ளைக்கரு. அது காய்வதற்குள் வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் கையை எடுத்தால் அந்த இடம் மங்கிவிடும். அவர்கள் பெயர் எந்த வீட்டு முகப்பிலும் பொறிக்கப்படவில்லை.

தாத்தா, வேலை முடிந்த சுவரைக் கண்ணால் சோதிக்க மாட்டார். புறங்கையை வைப்பார், பிறகு கன்னத்தை வைப்பார். சில்லென்று இருந்தால்தான் மட்டக்கோலைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் புறப்படுவார்.