வாசகர் கேள்வி: வெறும் தண்ணீர்க் குழாய்க்கு ஏன் இத்தனை எச்சரிக்கை?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கும் என் மகன் அங்குள்ள தன்னார்வத் தீயணைப்புப் படையில் சேர்ந்து பயிற்சி பெறுகிறான். ஐந்து அங்குலக் குழாயில் தண்ணீர் ஏற்றும்போது எல்லாரையும் எட்டிப் போகச் சொல்கிறார்களாம். நெருப்பே இல்லாத மைதானத்தில் இவ்வளவு பயம் எதற்கு? – ஒரு வாசகர், திருச்சி

பதில்: பயிற்சியாளர் சொல்வது முற்றிலும் சரி. உங்கள் மகன் கையாள்வது நெருப்பின் மீது பீய்ச்சும் குழாய் அல்ல. ஹைட்ரன்டிலிருந்து (தீயணைப்புக்கென்று தெருவோரம் வைத்திருக்கும் தண்ணீர் இணைப்பு) தீயணைப்பு வண்டியின் பம்புக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாய். அதன் 100 அடி நீளத்தில் ஏறத்தாழ 385 லிட்டர் நிற்கும், அதாவது தண்ணீரின் எடை மட்டுமே 385 கிலோ. நம் ஊர் வண்டிகளில் இருக்கும் 63 மி.மீ. குழாயில் அதே நீளத்துக்கு நூறு லிட்டர்கூடக் கொள்ளாது. எனவே வளைவு நெளிவுகளைத் தண்ணீர் வருமுன்பே சரிசெய்துவிட வேண்டும்; நிரம்பிய பிறகு இழுத்து நகர்த்திக்கொள்ளலாம் என்று நினைப்பவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் வீடு திரும்புவார்.

எடையைவிடப் பெரிய ஆபத்து இணைப்பில் இருக்கிறது. இவ்வகைக் குழாய்களில் பெரும்பாலும் ஸ்டோர்ஸ் இணைப்பு இருக்கும். இரு முனைகளும் ஒரே வடிவம் கொண்டவை, ஒன்றில் ஒன்றைப் பொருத்திக் கால் சுற்றுத் திருப்பினால் போதும். ஆனால் பூட்டு ‘கிளிக்’ என்று விழாவிட்டாலும் பார்வைக்கு அது சரியாகப் பொருந்தியதுபோலவே தெரியும். தண்ணீர் ஏறும்போது குழாய் முறுக்கிக்கொள்ளும் என்பதால், பூட்டாத இணைப்பு கழன்றுவிடக்கூடும். 10 பார் அழுத்தத்தில் (நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு) அந்தக் குழாய் வாயின் மீது ஏறக்குறைய 1,300 கிலோ எடைக்குச் சமமான விசை அழுத்திக்கொண்டிருக்கும். அந்த விசையில் கழன்று பறக்கும் உலோக முனை காலில் பட்டால் எலும்பு நொறுங்கும், தலையில் பட்டால் உயிருக்கே ஆபத்து. ஒவ்வொரு பூட்டையும் கண்ணால் பார்த்தது போதாது, கையால் தொட்டும் உறுதிசெய்ய வேண்டும்.

வால்வுகளைத் திறப்பதும் மூடுவதும் நிதானமாகவே நடக்க வேண்டும். ஓடும் தண்ணீரைச் சட்டென நிறுத்தினால் அழுத்தம் ஒரே கணத்தில் எகிறி, குழாயையும் பம்பையும் தாக்கும்.

ஆண்டுதோறும் நடக்கும் அழுத்தச் சோதனையில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். முதலில் உள்ளிருக்கும் காற்றை முழுவதும் வெளியேற்றிவிட வேண்டும், ஏனெனில் தண்ணீர் அநேகமாகச் சுருங்காது. காற்றோ சுருண்ட ஸ்பிரிங் போல விசையைத் தேக்கிவைத்து, குழாய் கிழியும் கணத்தில் அதைச் சாட்டையாகச் சுழற்றிவிடும். பம்புக்கும் குழாய்க்கும் நடுவே, மூடிய நிலையிலும் கால் அங்குலத் துளை வழியே மட்டும் தண்ணீர் விடும் வால்வைப் பொருத்துவது இதற்காகத்தான். குழாய் கிழிந்தாலும் பம்பின் முழு வெள்ளமும் பாய்ந்துவிடாது. அழுத்தம் இருக்கும்வரை 15 அடிக்குள் யாரும் நெருங்கக் கூடாது; குழாயின் இருபுறமும் கால் பரப்பி நிற்பது அறவே கூடாது.