பெஞ்சில் பதினோரு வருஷம்

கேள்வி: அக்கா, எனக்கு 17 வயசு. எங்கள் கால்பந்து டீமில் நான் இரண்டாவது கோல்கீப்பர். ரெண்டு வருஷமாக பெஞ்சைத் தேய்க்கிறேன். முதல் கீப்பருக்கு ஒரு ஜலதோஷம்கூட வருவதில்லை! பேசாமல் டிஃபெண்டராக மாறிவிடவா?

பதில்: ஜலதோஷம் வரட்டும் என்று வேண்டிக்கொண்டாயா? நான் வேண்டியிருக்கிறேன். காலேஜ் டீமில் நானும் இரண்டாவது கீப்பர்தான். ஸ்டிரைக்கர் களைத்தால் கடைசிப் பத்து நிமிஷமாவது வேறொருத்தியை இறக்குவார்கள். கீப்பருக்கு அடிபட வேண்டும், இல்லை சிவப்பு அட்டை விழ வேண்டும். இன்னொருத்தி கெட்டால்தான் நமக்கு வழி என்பது கொஞ்சம் அசிங்கமான நிலைமைதான்.

ஜெர்மனியின் கீப்பர் நாடீன் ஆங்கரர் தேசிய அணிக்கு முதலில் ஆடியது 1996இல். அப்போது அவருக்கும் உன் வயசு, 17. அதோடு சரி. முன்னால் சில்கே ரோட்டன்பெர்க் மலை மாதிரி நின்றார். எப்போதாவது ஓர் ஆட்டம் கிடைக்கும், பெரிய போட்டி என்றால் பெஞ்ச். 2003இல் ஜெர்மனி உலகக் கோப்பையை வென்றபோதும் கோல் கம்பத்துக்கு நடுவே நின்றது ரோட்டன்பெர்க்தான்.

2007இல் ரோட்டன்பெர்க்குக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. அந்த வருஷம் சீனாவில் உலகக் கோப்பை. முதல் ஆட்டத்தில் அர்ஜென்டினாவை ஜெர்மனி 11-0 என்று துவைத்து எடுத்தது. பார்க்கிறவர்களுக்குக் கொண்டாட்டம், கீப்பருக்கு அதைவிடக் கஷ்டமான ஆட்டம் கிடையாது. பந்தே வராது, கவனம் எங்கேயோ போகும், எண்பதாவது நிமிஷம் ஒன்று வரும். ஆங்கரர் விடவில்லை. 6 ஆட்டம், 540 நிமிஷம், ஒரு கோல்கூட வாங்கவில்லை. ஷாங்காயில் இறுதி ஆட்டம், ஜெர்மனி 1-0 என்று முன்னிலை. 64ஆவது நிமிஷம் பிரேசிலுக்குப் பெனால்டி. அடிக்க வந்தது அவர்களின் நட்சத்திர வீராங்கனை மார்த்தா. தடுத்துவிட்டார். முடிவில் 2-0.

2013 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் கேப்டனாக நின்று நார்வேயின் இரண்டு பெனால்டியைத் தடுத்தார். அந்த வருஷத்துக்கான ஃபிஃபாவின் சிறந்த வீராங்கனை விருதும் அவருக்கே. ஆண், பெண் இரண்டு பக்கத்திலும் அந்த விருதை வாங்கிய முதல் கீப்பர் அவர். வயசு 35.

என் கதை இப்படி இல்லை. நான் இறங்கியது ஓர் அரையிறுதியில், இரண்டாம் பாதியில். முதல் கீப்பருக்கு விரல் பிசகிவிட்டது. என் க்ளவுஸ் பைக்குள் காய்ந்து கிடந்தது. உள்ளங்கையில் இருக்கும் லேடெக்ஸ் காய்ந்தால் பந்து ஒட்டாது, லேசாக ஈரமாக இருக்க வேண்டும். அவசரத்தில் அப்படியே மாட்டிக்கொண்டு ஓடினேன். முதலில் வந்ததே ஓரத்திலிருந்து தூக்கி அடித்த ஒரு சாதாரண கிராஸ், கைக்குள் வந்த பந்து சோப்பு மாதிரி நழுவி எதிரணிப் பெண்ணின் காலடியில் விழுந்தது. மீதிக் கதை உனக்கே தெரியும்.

டிஃபெண்டராவதில் தப்பில்லை, ஓடப் பிடித்திருந்தால் போ. பெஞ்ச் பிடிக்கவில்லை என்பதற்காகப் போகாதே, அங்கேயும் பெஞ்ச் உண்டு. இருப்பதாக இருந்தால், ஆட்டம் தொடங்கும் முன்பே க்ளவுஸை நனைத்து மடியில் வைத்துக்கொள். பாதி நேரத்தில் இன்னொரு தடவை நனை.

கேள்வி: பெண்களுக்குக் கோலின் அளவைக் குறைத்தால் என்ன?

பதில்: பெண்கள் ஆட்டத்தின் பயிற்சியாளர்களிலேயே இதைக் கேட்டவர்கள் உண்டு. இன்றுவரை இருபாலருக்கும் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர்தான். எனக்குச் சம்மதமில்லை. கடனாகக் கிடைக்கும் மைதானத்தில் ஆடும் பெண்கள் டீமுக்குத் தனிக் கம்பம் யார் நட்டுத் தருவார்கள்?

கேள்வி: நம் நாட்டுக் கீப்பர் ஒருவரைச் சொல்லுங்களேன்.

பதில்: அதிதி சவுகான். 1992இல் பிறந்தது சென்னையில், வளர்ந்தது டெல்லியில். இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் மேல்படிப்புக்குப் போனவர், 2015இல் வெஸ்ட் ஹாம் பெண்கள் அணியில் சேர்ந்தார். முதல் ஆட்டத்திலேயே கோவென்ட்ரியிடம் 0-5. அதற்கப்புறமும் ஊர் திரும்பி கோகுலம் கேரளாவுடன் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றார். 2025 ஜூலையில்தான் ஓய்வை அறிவித்தார். முதல் கேள்வி கேட்ட தங்கச்சி, அந்த 0-5ஐ எழுதி வைத்துக்கொள்.